கப்பலும் கம்பெனிப் பேருந்தும்: ஜூஜுவாடியிலிருந்து நம் நோன்பு எழுத்துகளை வாசித்தல்

பெங்களூரு செல்லும் தேசிய நெடுஞ்சாலை தமிழ்நாட்டை விட்டு வெளியேறுமுன் இறுதியாகத் தொடும் ஊர் ஜூஜுவாடி. அதற்கப்பால் அத்திப்பள்ளி, அது கர்நாடகம். இரண்டுக்கும் இடையே பேராறும் இல்லை, மலைத்தொடரும் இல்லை. சோதனைச் சாவடியும், பெயர்ப்பலகைகளில் எழுத்து மாறுவதுமே எல்லை. காலையில் இப்புறத்து வாடகை வீடுகளிலிருந்து அப்புறத்து ஆலைகளுக்குச் செல்வோரும், அப்புறத்திலிருந்து ஓசூர் சிப்காட் வளாகத்துக்கு வருவோரும் ஒரே சாலையில் எதிரெதிராகக் கடக்கின்றனர். தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது ஆகிய நான்கும் இம்மண்ணுக்குப் பழகிய மொழிகள். பீகார், வங்காளம், அஸ்ஸாம், ஒடிசா ஆகிய மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளரின் மொழிகள் பிற்காலத்தில் அவற்றோடு சேர்ந்தன.

ரமளான் பிறை இருபத்தொன்பதின் அந்தி வேளையில் இவ்வூரில் நிற்கும் முஸ்லிம் இரு திசைகளுக்குக் காது கொடுக்கிறார். சென்னையிலிருந்து தமிழக அரசின் தலைமைக் காஜியின் அறிவிப்பு வரவேண்டும். பெங்களூருவிலிருந்து கர்நாடகப் பிறைக் குழுவின் அறிவிப்பு வரவேண்டும். பல ஆண்டுகளில் இரண்டும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. ஆயினும் செய்தி அத்தோடு முடிவதில்லை. பக்கத்து அறையில் தங்கியிருக்கும் மலையாளிக்கு ஊரிலிருந்து தொலைபேசி வருகிறது. வானியல் கணக்கின்படி நாளை வகுப்போர் முன்னரே தேதியைச் சொல்லிவிட்டனர். சவூதி அறிவிப்பைப் பின்பற்றுவோருக்குச் சில ஆண்டுகளில் பெருநாள் முந்திய நாளே முடிந்திருக்கும். 2024 ஆம் ஆண்டு கேரளத்தில் ஏப்ரல் 10 அன்று நோன்புப் பெருநாள். தமிழகத்தில் ஏப்ரல் 11. கர்நாடகத்திலோ மங்களூரு, உடுப்பிக் கடற்கரைப் பகுதியினர் கேரளத்தோடு சேர்ந்து 10 அன்றும், பெங்களூரு உள்ளிட்ட ஏனைய பகுதியினர் 11 அன்றும் கொண்டாடினர். ஒரே மாநிலத்துக்குள் இரு பெருநாள். வெவ்வேறு மாநிலங்களான ஜூஜுவாடிக்கும் அத்திப்பள்ளிக்கும் ஒரே பெருநாள். மாநில எல்லை வானத்தில் வரையப்படவில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

பிறைச் சர்ச்சையில் இன்னும் ஒரு தரப்பைச் சேர்ப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. அதற்கெனத் துண்டறிக்கைகள் போதிய அளவில் உள்ளன. தமிழில் நோன்பையும் பெருநாளையும் குறித்து நாம் எழுதி வருபவற்றை, அதாவது பெருநாள் மலர்க் கட்டுரைகளையும் புனைகதைகளையும் மார்க்க விளக்க நூல்களையும், இந்த எல்லையோரத்து ஊரில் நின்று வாசித்தால் அவை எவ்வளவு தாங்குகின்றன என்று பார்ப்பதே நோக்கம். ஓர் எழுத்தின் வலிமையை அறிய, அது எழுதப்பட்ட இடத்துக்கு வெளியே அதைக் கொண்டுபோய் வைத்துப் பார்ப்பதும் ஒரு வழி.

முதலில் பெருநாள் மலர்கள். இவற்றின் நோன்புக் கட்டுரைக்கு ஏறத்தாழ நிலைத்த வடிவம் ஒன்று உண்டு. ஸஹருக்கு எழுப்பும் தப்பு ஓசை, அஸர் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் முற்றத்தில் கொதிக்கும் கஞ்சி, தூக்குப் பாத்திரத்துடன் வரிசையில் நிற்கும் அயல் சமயத்துப் பிள்ளைகள், தராவீஹில் நிரம்பி வழியும் வரிசைகள், புத்தாடை, பெருநாள் காசு. இவற்றில் எதுவும் பொய்யன்று. காவிரிப் படுகையிலும் நெல்லைச் சீமையிலும் கீழைக் கடற்கரை ஊர்களிலும் வளர்ந்தவர்க்கு இவை உண்மையான நினைவுகள். குறை வேறிடத்தில் இருக்கிறது. நிலைத்த மஹல்லா, தலைமுறையாக அதில் வாழும் குடும்பங்கள், அனைவரையும் அறிந்த ஒரு முஅத்தின் ஆகிய மூன்றையும் இக்கட்டுரைகள் சொல்லாமலே முன்னிபந்தனையாகக் கொண்டுள்ளன. இம்மூன்றும் அமையாதவனுக்கு நோன்பு எவ்வாறிருக்கும் என்ற வினா அவற்றுள் எழுவதே இல்லை.

கஞ்சியையே எடுத்துக்கொள்வோம். பச்சரிசியும் பாசிப்பருப்பும் வெந்தயமும் இஞ்சி பூண்டும், வசதிக்கேற்பக் கொத்துக்கறியும் தேங்காய்ப்பாலும் சேர்த்துக் குழைய வேகவைக்கும் இவ்வுணவு, பகல் முழுதும் காய்ந்த குடலுக்கு இதமானது என்பதில் ஐயமில்லை. உருது பேசும் வீட்டினரும் இதனை ஏற்றுக்கொண்டனர். தமிழக அரசு 2001 முதல் பள்ளிவாசல்களுக்கு நோன்புக் கஞ்சிக்கென அரிசி வழங்கி வருகிறது. 2025 ரமளானுக்கு ஒதுக்கப்பட்டது 7,920 மெட்ரிக் டன். ஒரு சமுதாயத்தின் சமையல் வழக்கம் அரசாணைக்குள் இடம்பெற்றிருப்பது சிறிய செய்தியன்று. பெருநாள் மலர்கள் இதனை நல்லிணக்கத்தின் அடையாளமாகப் போற்றுகின்றன, போற்றட்டும். ஆனால் அரிசி வழங்கப்படுவது பள்ளிவாசலுக்கு. பள்ளிவாசலின் அண்டாவுக்கும் நோன்பாளியின் வாய்க்கும் இடையில் மாலை நேரத்து ஓய்வு என்ற ஒன்று வேண்டும். பிற்பகல் இரண்டு மணி முதல் இரவு பத்து மணி வரையிலான ஷிப்டில் நிற்பவனுக்கு மக்ரிபு வேளை இயந்திரத்தின் முன் வருகிறது. 1948 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்காமல் குறைந்தது அரைமணி நேர இடைவேளை தரவேண்டும் என்று சொல்லிற்று. அவ்விடைவேளை எப்போது விடப்படும் என்பதைச் சூரியன் தீர்மானிப்பதில்லை. கைக்குட்டையில் முடிந்துவைத்த இரண்டு பேரீச்சம்பழமும் ஒரு போத்தல் தண்ணீரும்தான் அவனுடைய இஃப்தார். கஞ்சியைப் பற்றி நாம் எழுதியுள்ள பக்கங்களோடு ஒப்பிட்டால், இந்தக் கைக்குட்டைக்கு ஒரு பத்தி கூடக் கிடைத்ததாகத் தெரியவில்லை.

புனைகதைக்கு வருவோம். கடந்த நூற்றாண்டின் இறுதிப் பகுதியிலிருந்து தமிழ் முஸ்லிம் வாழ்வு நாவலில் வலுவாக இடம்பெறத் தொடங்கியது. தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ தென்கோடிக் கடற்கரையை எழுதியது. சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ சிற்றூர் ஒன்றின் பெண்களுடைய உலகைத் திறந்தது. கீரனூர் ஜாகிர்ராஜா பழனி வட்டாரத்து வாழ்வைக் கொண்டுவந்தார். அர்ஷியாவின் ‘ஏழரைப் பங்காளி வகையறா’ மதுரையில் வாழும் உருது பேசும் முஸ்லிம்களைத் தமிழ் நாவலுக்குள் அழைத்துவந்தது. அதுவரை உருது பேசுவோர் நம் கதைகளில் பெரும்பாலும் எதிர்வீட்டுக்காரராகவே வந்துபோயினர். இவ்வரிசை பெருமைக்குரியது. எனினும் அதன் நிலப்படத்தை விரித்துப் பார்த்தால் பாலாற்றுக்கு மேற்கே, கிருஷ்ணகிரி மேட்டுநிலம் வெற்றிடமாகவே கிடக்கிறது, என் வாசிப்புக்கு எட்டிய வரையில். நோன்பும் பெருநாளும் இக்கதைகளில் வரும்போது அவை குடும்பத்தின் உள்ளே நிகழ்கின்றன. குடும்பத்தைத் தொலைவில் விட்டுவந்தவரின் பெருநாள் தமிழில் எழுதப்பட்டால், அது பெரும்பாலும் வளைகுடாவில் நிகழ்வதாக இருக்கும். நம் மண்ணிலேயே ஒருவர் வளைகுடாவில் இருப்பதுபோல் வாழக்கூடும் என்பதைக் கதையாசிரியர்கள் இன்னும் கவனிக்கவில்லை. பாட்னாவிலிருந்து வந்தவருக்கு ஓசூர்தான் துபாய்.

இங்கு ஒரு சொல்லாராய்ச்சிக்கு இடம் தரவேண்டும். தமிழ் முஸ்லிம், ‘ஸவ்ம்’ என்ற அரபுச் சொல்லை நாள்தோறும் வழங்குவதில்லை. ‘ரோஜா’ என்ற பாரசீகச் சொல்லையும் கொள்ளவில்லை. ‘நோன்பு’ என்கிறார். இது சமணரும் பாவை நோற்ற மகளிரும் வழங்கிய பழந்தமிழ்ச் சொல். அவ்வாறே தொழுகை, பள்ளி, பெருநாள். இஸ்லாம் தமிழ் பேசிய விதத்துக்கு இச்சொற்களைச் சான்று காட்டி நம் அறிஞர்கள் மகிழ்வது நியாயமே. ஆனால் ஓசூரில் இப்பெருமை அப்படியே செல்லுபடியாகாது. அங்குள்ள வீடுகளில் பெரும்பாலும் ரோஜா, நமாஸ், ஈத் என்பவையே தாய்மொழிச் சொற்கள். அவற்றைப் பேசுவோர் வந்தேறிகள் அல்லர். பாராமஹால் 1792 இல் திப்பு சுல்தானிடமிருந்து ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. ஓசூர்ப் பகுதியோ 1799 இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழும் வரை மைசூர் ஆட்சியின்கீழ் இருந்தது. சேலம் மாவட்டம், 1965 முதல் தருமபுரி மாவட்டம், 2004 முதல் கிருஷ்ணகிரி மாவட்டம் என்று ஓசூர் கைமாறிற்று. 1956 இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது அது சென்னை மாநிலத்திலேயே நின்றது. ஆகவே ஜூஜுவாடியில் உருது பேசும் ஒருவர் பெங்களூரு அறிவிப்புக்குக் காது கொடுத்தால், அதனை அயல் மாநிலப் பற்று என்று எளிதில் ஒதுக்கிவிடலாகாது. எல்லைக்கோடு அவருடைய உறவினரைவிட வயதில் இளையது.

இனி மார்க்க நூல்கள். இக்கட்டுரையின் சுமை இங்குதான் இருக்கிறது. நவீன எழுத்தாளரை விடவும், பெருநாள் மலர்க் கட்டுரையாளரை விடவும், நாம் வறட்சியானவை என்று ஒதுக்கிவைத்திருக்கும் ஃபிக்ஹு நூல்களே வாழ்வின் இடைவெளிகளைக் கூர்ந்து நோக்கின என்று எனக்குத் தோன்றுகிறது.

பிறை பற்றிய விவாதம் அனைத்துக்கும் வேராக ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெறும் ஒரு நிகழ்ச்சி உண்டு. குறைப் என்பார் ஒரு வேலையாக மதீனாவிலிருந்து ஷாம் நாட்டில் இருந்த முஆவியா (ரலி) அவர்களிடம் அனுப்பப்படுகிறார். அங்கிருக்கையில் வெள்ளி இரவில் ரமளான் பிறையைக் காண்கிறார். மாதத்தின் இறுதியில் மதீனா திரும்பியபோது இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் பிறையைப் பற்றி வினவுகிறார்கள். மதீனத்தார் பிறை கண்டதோ சனி இரவில். முஆவியா கண்டதும் நோற்றதும் போதாதா என்று குறைப் கேட்க, போதாது, நாம் பிறை காணும் வரையோ முப்பது முடியும் வரையோ நோற்போம், நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்கு இட்ட கட்டளை இதுவே என்று விடை வருகிறது. ஒரு பயணியின் வாயிலாக இரு ஊர்களின் நாட்காட்டிகள் மோதிக்கொண்ட தருணம் இது. இதனை ஆதாரமாகக் கொண்டு ஷாஃபிஈ மத்ஹபினர் தொலைவிலுள்ள ஊர்களின் உதயத்தானங்கள் வேறு என்றனர். ஹனஃபி மத்ஹபின் வெளிப்படையான அறிவிப்போ உதய வேறுபாட்டைக் கணக்கில் கொள்வதில்லை. ஓரிடத்தில் உறுதிப்பட்டால் அச்செய்தி முறைப்படி சென்றடையும் பிற இடங்களுக்கும் அது பொருந்தும்.

தமிழகத்தின் கடற்கரை ஊர்கள் பெரும்பாலும் ஷாஃபிஈ. உள்நாட்டு ராவுத்தரும் உருது பேசுவோரும் ஹனஃபி. இப்போது ஜூஜுவாடிக்கு வருக. ஷாஃபிஈ நோக்கில் பார்த்தால் இங்கிருந்து பெங்களூரு ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர். சென்னை முந்நூறுக்கும் மேல். அடிவானம் பெங்களூருவோடு பொது. ஹனஃபி நோக்கில் பார்த்தால் எல்லை என்ற கேள்வியே எழவில்லை. இரு மத்ஹபுகளில் எதைத் திறந்தாலும் சோதனைச் சாவடிக்கு இடமில்லை. அங்ஙனமாயின் மாநிலந்தோறும் தனித்தனி அறிவிப்பு எங்கிருந்து வந்தது? ஆட்சியமைப்பிலிருந்து வந்தது. காஜிகளை அரசு நியமிக்க வழிசெய்த 1880 ஆம் ஆண்டின் காஜிகள் சட்டம், அந்நியமனத்தால் நீதி அதிகாரமோ நிர்வாக அதிகாரமோ உண்டாவதில்லை என்று தெளிவாகவே சொல்லிற்று. அதிகாரமில்லாத அப்பதவியின் அறிவிப்பை ஒரு மாநிலத்து மக்கள் மதித்து ஏற்பது சட்டத்தின் வலிமையால் அன்று. ஒன்றுபட்டு நிற்கவேண்டும் என்ற விருப்பத்தால்தான். மக்கள் நோற்கும் நாளே நோன்பு, மக்கள் விடும் நாளே பெருநாள் என்னும் கருத்தில் திர்மிதீ பதிவு செய்துள்ள நபிமொழி இங்கு நினைக்கத்தக்கது. சிக்கல் ‘மக்கள்’ என்பதில் இருக்கிறது. ஜூஜுவாடியில் வீடு, அத்திப்பள்ளிக்கு அப்பால் வேலை, பீகாரில் குடும்பம் என்று வாழ்பவருக்கு மக்கள் யார்?

ஏறத்தாழ இக்கேள்வியை ஏழரை நூற்றாண்டுகளுக்கு முன் ஒருவர் கேட்டார். இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் (மறைவு கி.பி. 1277) தமது மின்ஹாஜில் பிறைப் பகுதியில் மூன்று நிலைகளை அடுக்குகிறார்கள். பிறை தெரிந்த ஊரிலிருந்து தெரியாத தொலைவூருக்குச் சென்றவர், தமது முப்பது முடிந்துவிட்டாலும் இறுதியில் அவ்வூராரோடு சேர்ந்து நோற்க வேண்டும். தெரியாத ஊரிலிருந்து தெரிந்த ஊருக்கு வந்தவர் அவ்வூராரோடு பெருநாள் கொண்டாடுவார். அவருடைய நோன்பு இருபத்தெட்டில் நின்றுவிட்டால் பின்னர் ஒருநாள் நோற்று ஈடுசெய்வார். மூன்றாவது நிலைதான் வியப்புக்குரியது. ஒருவர் காலையில் பெருநாளோடு எழுகிறார். அவருடைய கப்பல் நகர்ந்து, மக்கள் நோன்போடு இருக்கும் ஒரு தொலைவூரில் அவரை இறக்குகிறது. அவர் என் செய்வார்? எஞ்சிய பகலை உண்ணாது கழிப்பதே மிகச் சரியான கருத்து என்கிறது நூல்.

இதனை வெறும் சட்டமாகப் படிப்பவர்க்கு இது ஒரு கற்பனைச் சிக்கல். இலக்கியமாகப் படித்துப் பாருங்கள். காலையில் குளித்து, இனிப்புண்டு, தக்பீர் சொல்லி, தொழுது, தழுவி, கப்பலேறியவன். மாலையில் அயல் துறைமுகத்தில் வாய் மூடி நிற்கிறான். அவ்வூரார் அவனைப் பழிக்கக்கூடாது என்பதற்காக மட்டுமா? தான் நிற்கும் மண்ணின் வேளை தன்னுடைய வேளை என்று அவன் ஒப்புக்கொள்கிறான். புறப்பட்ட ஊரின் பெருநாளும் அவனிடம் பொய்யாகிவிடவில்லை. இரு ஊர்களையும் ஒரே உடலில் சுமக்கும் மனிதனைச் சட்டநூல் ஒரே வாக்கியத்தில் பிடித்துவிட்டது. 2024 ஏப்ரல் 10 அன்று கடலோரக் கர்நாடகத்தில் பெருநாள் தொழுதுவிட்டுப் பகல் பேருந்தில் பெங்களூரு வழியே ஓசூர் வந்தவர் எவரேனும் இருப்பின், அவர் இமாம் நவவீயின் பயணியே. கப்பல் மட்டும் பேருந்தாயிற்று.

ஆயினும் உவமையை இழுத்துக்கொண்டே போகலாகாது. நூலில் ‘தொலைவூர்’ என்னும் நிபந்தனை உள்ளது. ஜூஜுவாடியிலிருந்து எல்லை தாண்டும் கம்பெனிப் பேருந்து சில நிமிடங்களே ஓடுகிறது. அது தொலைவூருக்குச் செல்லவில்லை. ஆகவே என்றேனும் சென்னை அறிவிப்பும் பெங்களூரு அறிவிப்பும் முரண்பட்டால், அவ்வூராரைக் கப்பல் பயணியின் சட்டத்தில் அடைக்க இயலாது; அவர்கள் ஒரே ஊரார், ஒரே அடிவானத்தார். அண்டை ஜமாஅத்துகள் முன்கூட்டியே கூடி ஒரு முடிவுக்கு வருவதன்றி வேறு வழியிருப்பதாக எனக்குத் தெரியவில்லை. பிறைத் துண்டறிக்கைகள் உலகளாவிய ஒற்றுமையைப் பேசுகின்றன, அல்லது மாநில ஒற்றுமையைப் பேசுகின்றன. பத்து கிலோமீட்டர் வட்டத்து ஒற்றுமையைப் பேசுபவற்றை நான் காணவில்லை. மக்காவோடு சேர்ந்து பெருநாள் கொண்டாடத் துடிப்பவர் மாடிவீட்டுக்காரரோடு சேராமற் போவதில் ஒரு வேடிக்கை இருக்கிறது.

அடுத்தது வேலை. நம் நூல்களில் நோன்பிலிருந்து சலுகை பெறுவோர் பட்டியல் நோயாளி, பயணி, கர்ப்பிணி, பாலூட்டும் தாய், தள்ளாதவர் என்று முடிந்துவிடும். உழைப்பாளி அதில் பெரும்பாலும் இல்லை. இருந்தால், உழைத்துக்கொண்டே நோற்றவரின் வீரம் பற்றிய ஒரு துணுக்காக இருப்பார். ஹனஃபி மரபின் பெருநூல்கள் இவ்வளவு அவசரப்படவில்லை. பதினேழாம் நூற்றாண்டில் திமிஷ்கைச் சேர்ந்த ஹஸ்கஃபீ எழுதிய துர்ருல் முக்தார் ஒரு ரொட்டி சுடுபவனை எடுத்துக்கொள்கிறது. நோன்பை முறிக்கும் அளவுக்குத் தளர்ச்சி தரும் வேலையை அவன் செய்யலாகாது. அரைநாள் அடுப்பில் நிற்கட்டும், மீதி நாள் ஓய்வெடுக்கட்டும். அரைநாள் வருவாய் போதாது என்று அவன் சொன்னால், குளிர்காலத்துக் குறும்பகல் அவனைப் பொய்யாக்கும் என்று நூல் மடக்குகிறது. அக்குறும்பகலில் குறைந்த நேரமே உழைத்துப் பிழைத்தவன்தானே அவன்!

தருக்கம் நயமானது, ஆனால் அது திமிஷ்கின் தருக்கம். அந்நகரில் கோடைப் பகலுக்கும் குளிர்காலப் பகலுக்கும் நான்கு மணி நேரத்துக்கு மேல் வேறுபாடு. ஓசூரின் அட்சரேகையில் அவ்வேறுபாடு ஒன்றரை மணி நேர அளவே. இங்குள்ள ரொட்டிக்காரனைக் குளிர்காலம் பொய்யாக்காது. நூலை வரிக்கு வரி தமிழில் பெயர்த்துத் தருவோர் இத்தகைய இடத்தில் ஓர் அடிக்குறிப்பாவது இடவேண்டாமா? ரொட்டிக்காரனுக்கு வேறொரு வசதியும் உண்டு. அடுப்பு அவனுடையது, எப்போது அணைப்பது என்பதை அவனே முடிவு செய்கிறான். ஷிப்டில் நிற்பவன் தனக்கு அரைநாள் ஓய்வை எழுதிக்கொள்ள முடியாது.

இந்த வேறுபாட்டை உணர்ந்தவர், துர்ருல் முக்தாருக்கு விளக்கம் எழுதிய இப்னு ஆபிதீன் (ரஹ்) அவர்கள் (மறைவு கி.பி. 1836). தனக்கும் குடும்பத்துக்கும் போதியது கையில் இல்லாத உழைப்பாளியின் நிலை வேறு என்று அவர் பிரித்துக் காட்டுகிறார். அதற்கும் மேலே ஒரு படி செல்கிறார். ஒருவன் குறித்த காலத்துக்குத் தன்னைக் கூலிக்கு ஒப்புக்கொடுத்துவிட்டான். அக்காலத்துக்குள் ரமளான் வந்துவிட்டது. ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள வேலை கொடுத்தவன் இணங்கவில்லை. அப்போது, கையில் போதியது இருந்தாலும், அவன் நோன்பை விட இடமுண்டு என்பதே வெளிப்படை என்பது அவருடைய கருத்து. கூலிக்குப் பாலூட்ட ஒப்புக்கொண்ட செவிலித்தாயின் சட்டத்தை அவர் இதற்கு ஒப்புமை காட்டுகிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், திமிஷ்கில் ஆலைப் புகை எழுவதற்கு முன்னரே, ஒப்பந்தத் தொழிலாளி ஃபிக்ஹு நூலுக்குள் வந்துவிட்டார். தமிழ்ப் பெருநாள் மலருக்குள் அவர் இன்னும் வந்து சேரவில்லை.

இதனைச் சொல்வதால், ஷிப்டுத் தொழிலாளர் எல்லாரும் நோன்பை விட்டுவிடலாம் என்று நான் தீர்ப்பு வழங்குவதாக எவரும் கொள்ளற்க. தீர்ப்பு உரியவர் பணி. தாங்கவியலாத் தளர்ச்சியும் தீங்கின் அச்சமும் அச்சட்டத்தின் அடிப்படை என்பதையும், விட்ட நோன்பைப் பின்னர் நோற்றாக வேண்டும் என்பதையும் மறக்கலாகாது. எல்லையோரத்தில் நாம் காண்பதோ பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது: வார்ப்பாலையின் வெக்கையிலும் நோன்பை விடாதவர்கள். அவர்களுக்குச் சலுகையைவிடத் தம் நிலையை ஒருவர் எண்ணிப் பார்த்திருக்கிறார் என்ற செய்தியே பெரிதாக இருக்கக்கூடும். அச்செய்தியை அரபு நூலிலிருந்து எடுத்து அவர்கள் கையில் தரவேண்டியவர்கள், கஞ்சியின் மருத்துவக் குணங்களை ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொண்டிருக்கிறோம். நானும் ஒருமுறை அத்தகைய கட்டுரை எழுதியவன்தான்.

பெருநாளைப் பற்றிய புனைகதைகளில் இந்தியா முழுவதும் அறியப்பட்டது பிரேம்சந்தின் ‘ஈத்கா’. முஸ்லிம் அல்லாத ஒருவர், முப்பதுகளில் எழுதிய கதை. பெற்றோரை இழந்த சிறுவன் ஹாமித், பாட்டி அமீனா தந்த மூன்று பைசாவோடு ஈத்காவுக்குப் போகிறான். தோழர்கள் களிமண் பொம்மைகள் வாங்க, அவன் பாட்டியின் விரல் சுடாதிருக்க ஓர் இடுக்கி வாங்கி வருகிறான். பள்ளிப்பாடமாகிப் பலமுறை சொல்லப்பட்டதால் இக்கதையின் கூர்மை மழுங்கிவிட்டது. தியாகத்தைப் போதிக்கும் நீதிக்கதையாக அது சுருங்கிவிட்டது. மீண்டும் படிக்கும்போது என்னை நிறுத்துவது தியாகமன்று, கணக்கு. யாரிடம் எத்தனை பைசா, பொம்மைக்கு என்ன விலை, பெருநாள் வந்துவிட்டதே என்று அமீனா படும் திகில் ஆகியவை ஒவ்வொன்றும் எண்ணிக் காட்டப்படுகின்றன. பெருநாள் ஏழை வீட்டுக்கு வரும்போது செலவாகவே வருகிறது என்பதை ஆசிரியர் அறிந்திருந்தார். நம் கதைகளில் பெருநாள் உண்டு. அதன் கணக்கு அரிது.

அக்கணக்கில் முதன்மையானது ஃபித்ரா. பெருநாள் தொழுகைக்கு முன் வழங்கிவிட வேண்டிய இத்தர்மத்தின் நோக்கம், அன்று எவரும் கையேந்தாதிருக்கச் செய்வது. ஷாஃபிஈ மரபில் ஊரின் முதன்மைத் தானியத்தில் ஒரு ஸாஉ, தானியமாகவே கொடுக்கப்படும். தமிழகத்தில் அது இரண்டரைக் கிலோ அளவு அரிசி என்று பொதுவாகக் கொள்ளப்படுகிறது. ஹனஃபி மரபில் கோதுமையாயின் அரை ஸாஉ. அதன் விலையைப் பணமாகத் தரவும் இடமுண்டு. ஆகவே ஒரே தெருவில் ஒருவர் அரிசியை அளக்க, மற்றவர் கோதுமை விலையை விசாரிப்பார். இரண்டும் சரியே. இங்கும் வினா ‘யாருக்கு’ என்பதில் எழுகிறது. ஜூஜுவாடி அறையொன்றில் எட்டுப்பேர் தங்கியிருக்கின்றனர் எனக் கொள்வோம். எட்டுப்பேரும் தமது ஃபித்ராவைக் கைப்பேசி வழியே சொந்த ஊருக்கு அனுப்பிவிடுகின்றனர். அங்கு வறிய உறவினர் உள்ளனர், அது முறையே. உள்ளூர் ஜமாஅத் தன் ஃபித்ராவைத் தன் பட்டியலில் உள்ள குடும்பங்களுக்குப் பிரிக்கிறது, அதுவும் முறையே. மூன்று மாதமாகக் கூலி பாக்கி நிற்கும் ஒன்பதாமவன் இரு பட்டியல்களிலும் இல்லை. அவன் குடும்பமாக இல்லை. மஹல்லாவில் பதிவும் இல்லை. அவன் இருப்பது தெரியவேண்டுமானால் பட்டியல் எழுதுபவர் பள்ளிவாசல் வாயிலிலிருந்து தொழிலாளர் அறைகள் வரை நடக்கவேண்டும். பெருநாளுக்கு இரண்டு நாள் முன்னர் நடந்தால் போதும்; இருபத்தொன்பதாம் இரவில் அனைவரும் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பர், அப்போது யாருக்கும் நேரமிராது.